தேநீர்ச் சோலை

இயற்கையின் எழிலைக் கண்டு இன்புறாதார் இவ்வுலகில் இலர். மலையும் அருவியும், காடும் கானாறும் எங்கோ தொலைவில் இருத்தலின், மாந்தர் அவற்றின் சிறு கூறொன்றைத் தம் இல்லத்தின் அருகே அமைத்துக் கொள்ள விழைந்தனர். அவ்விழைவே சோலைகள் தோன்றுதற்குக் காரணமாயிற்று. ஆயினும், சோலை அமைக்கும் முறை எல்லா நாட்டிலும் ஒன்றாக அமைந்ததில்லை. பாரசீகர் வாய்க்கால்களால் நிலத்தை நான்காகப் பகுத்து, நடுவே நீர்த்தொட்டி அமைத்தனர். பிரெஞ்சு நாட்டார் அளவுகோல் கொண்டு அளந்தாற்போல் நேரிய பாதைகளும் ஒத்த பாத்திகளும் வகுத்தனர். ஜப்பானியரோ நேர்கோட்டை நாடினாரில்லை. மலை, ஆறு, கடல், காடு ஆகிய அனைத்தையும் சுருக்கி, ஒரு சிறு நிலப்பரப்பில் அடக்கிக் காட்டுவதே சிறந்த சோலை என அவர்கள் கருதினர்.

அத்தகைய சோலை ஒன்று அமெரிக்க ஒன்றிய நாட்டின் மேலைக் கடற்கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில் இருக்கின்றது. கோல்டன் கேட் பூங்கா என்னும் பெரும்பூங்காவின் நடுவே, ஏறத்தாழ 5 ஏக்கர் பரப்பில் அஃது அமைந்துள்ளது. 'ஜப்பானியத் தேநீர்த் தோட்டம்' என்பது அதன் பெயர். இப்பெயரைக் கேட்டவுடன், நம் நீலமலையிற் போலத் தேயிலை பயிராகும் தோட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே பயிரிடுவது தேயிலை அன்று. வருவோர் அமர்ந்து தேநீர் பருகி, உள்ளம் அமைதியுறுதற்கென்று ஆக்கப்பட்ட சோலை அது. இளவேனிற் காலத்தில் ஒரு நாள் காலை அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே கண்டவற்றையும், அதன் வரலாறாக அறிந்தவற்றையும் மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைப்பேன்.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இன்று மரங்கள் அடர்ந்து நிழல் பரப்பும் அப்பூங்கா, 1870-ஆம் ஆண்டளவில் வெறும் மணற்குன்றுகளாய்க் கிடந்தது. கடற்காற்று வீசுந்தோறும் மணல் இடம்பெயரும். மரம் ஒன்றும் வேரூன்ற இயலாது. வில்லியம் ஹாமண்ட் ஹால் என்னும் பொறியியலாளர் மணலைப் பிடித்து நிறுத்தும் புல்வகைகளையும் செடிகளையும் முதலில் விதைத்து, பின்னர் மரங்களை நட்டார். அவருக்குப் பின் ஜான் மக்ளாரன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுத் தோட்டக்கலை வல்லுநர் நெடுங்காலம் அதனைப் பேணி வளர்த்தார். மூன்று மைல் நீளமும் அரை மைல் அகலமும் கொண்டு, 1,000 ஏக்கருக்கு மேற்பட்டு விரிந்துள்ள பூங்கா இவ்வாறு மணலினின்றும் எழுந்ததாகும்.

1894-ஆம் ஆண்டில் அப்பூங்காவில் பன்னாட்டுக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. கிழக்குப் பகுதிகளிற் பனி மூடிக் கிடக்கும் காலத்தும் கலிபோர்னியாவின் தட்பவெப்பநிலை இனிதாய் இருப்பதை உலகோர்க்குக் காட்ட விரும்பி, அதனைக் குளிர்காலத்தில் நடத்தினர். அதில் ஜப்பானியச் சிற்றூர் ஒன்றை அமைத்தவர், ஆஸ்திரேலியாவிற் பிறந்து கீழ்நாட்டுக் கலைப்பொருள் வாணிகம் செய்து வந்த ஜார்ஜ் டர்னர் மார்ஷ் என்பவர். கண்காட்சி முடிந்ததும் ஏனைய மண்டபங்கள் பல கலைக்கப்பட்டன. ஆனால், அச்சிற்றூர் கலையாமல் நிலைத்தது. அதற்குக் காரணமாயிருந்தவர் மகோட்டோ ஹகிவாரா என்னும் ஜப்பானியர். தாய்நாட்டை விட்டு அயல்நாட்டிற் குடியேறிய அவர், அவ்விடத்தை நிலையான சோலையாக ஆக்கித் தருவேன் எனப் பூங்காத் தலைவர் மக்ளாரனிடம் கூறினார்; மக்ளாரனும் இசைந்தார். ஓர் ஏக்கர் அளவினதாய் இருந்த சிற்றூர், ஹகிவாராவின் உழைப்பால் ஐந்து ஏக்கர்ச் சோலையாக வளர்ந்தது. அவர் தம் சொந்தப் பொருளையும் அதற்கெனச் செலவிட்டார். செடிகளும் மீன்களும் கலைப்பொருள்களும் ஜப்பானிலிருந்து கடல் கடந்து வந்தன. அவருடைய குடும்பத்தினர் சோலையின் உள்ளேயே இல்லம் அமைத்து வாழ்ந்தனர்.

இனி, சோலையின் உட்புகுவோம். கூரை வேய்ந்த மரவாயிலைக் கடந்ததும் நம் கண்முன் முழுச்சோலையும் தோன்றும் என எதிர்பார்த்தல் இயல்பு. அவ்வாறு தோன்றுவதில்லை. பாதை சிறிது தூரம் சென்று வளைகின்றது. அவ்வளைவைக் கடந்தால் ஒரு குளம். மற்றொரு வளைவைக் கடந்தால் ஒரு பாறைக் கூட்டம். அதற்கப்பால் நீரொலி கேட்கின்றது, நீர் தென்படுவதில்லை. ஒன்றை மறைத்து, மற்றொன்றைக் காட்டி, மறைந்ததைக் காணும் ஆர்வத்தை எழுப்புவது ஜப்பானியச் சோலைக் கலையின் முதல் நெறியாகும். இதனாலேயே ஐந்து ஏக்கர்ச் சோலையும் பேரூர்போல் விரிந்து தோன்றுகின்றது.

பாதையின் சில பகுதிகளில் மிதிகற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவை ஓரளவினவாகவும் ஒரே இடைவெளியினவாகவும் இல்லை. எனவே, நடப்பவர் நிலத்தை நோக்கி, அடியளந்து நடத்தல் வேண்டும். இது தோட்டக்காரனின் பிழை அன்று; அவன் சூழ்ச்சி! விரைந்து நடப்பவனை மெல்ல நடக்கச் செய்வதே அக்கற்களின் பணி. நிமிர்ந்து நோக்கத்தக்க காட்சியுள்ள இடத்தில் மட்டும் அகன்ற கல்லொன்று இருக்கும். அதில் நாம் நிற்போம், நின்று நிமிர்வோம், நிமிர்ந்தால், வளைந்த பைன் மரக்கிளையின் ஊடே குளத்தின் நீர் பளபளக்கும்.

கல்லைப் பற்றி இங்கே சிறிது கூறுதல் வேண்டும். நம் சோலைகளில் மலருக்கு உள்ள இடம் ஜப்பானியச் சோலையிற் கல்லுக்கு உண்டு. 'சகுதேய்கி' என்னும் நூல் ஜப்பானிற் பதினோராம் நூற்றாண்டில் எழுதப்பெற்றது. தோட்டம் அமைத்தல் பற்றி அந்நாட்டில் தோன்றிய நூல்களுள் மிகப் பழமையானது அதுவே. கற்களை நிறுத்தும் முறையே அந்நூலிற் பெரிதும் பேசப்படுகின்றது. நிமிர்ந்து கிடந்த கல்லை நிமிர்த்தியும், படுத்துக் கிடந்த கல்லைப் படுக்கவைத்தும் நடவேண்டும் என்பது அம்மரபு. ஒவ்வொரு கல்லும் மண்ணிற் பாதியேனும் புதைந்து, காலங்காலமாக அங்கேயே கிடந்ததுபோல் தோன்றல் வேண்டும். கற்களைப் பெரும்பாலும் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை எண்ணிலேயே கூட்டி வைப்பர். இரண்டாகவும் நான்காகவும் வைத்தால் அவை ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஒற்றைப்படையாய் வைத்தால் கண் ஓரிடத்தில் நில்லாது நகர்ந்துகொண்டே இருக்கும்.

நீரே இல்லாமல் நீரைக் காட்டும் விந்தையும் அங்கு உண்டு. 1953-ஆம் ஆண்டில் நகாவோ சகுராய் என்னும் கலைஞர் அச்சோலையில் உலர்தோட்டம் ஒன்றை வகுத்தார். அங்கே வெண்பரல்கள் பரப்பப்பட்டு, வாரியினால் கோடிடப்பட்டுள்ளன. கோடுகள் அலைகளாகவும், பரற்பரப்பு ஆறாகவும், நடுவிலுள்ள கற்கள் தீவுகளாகவும் காட்சி தருகின்றன. ஜப்பானில் கியோட்டோ நகரத்து ரியோவான்ஜி மடத்தில் இவ்வகைத் தோட்டத்தின் புகழ்பெற்ற வடிவம் உளது. அங்கே 15 கற்கள் உள்ளன. திண்ணையில் எங்கே அமர்ந்து நோக்கினும் 14 கற்களே கண்ணுக்குப் புலனாகும். முழுமையை ஒரே நோக்கிற் கண்டுவிட இயலாது என்னும் உண்மையை அத்தோட்டம் வாய் திறவாமல் உணர்த்துகின்றது. இவ்வகைத் தோட்டங்களைப் போற்றி வளர்த்தவர் ஜென் என்னும் பௌத்த நெறியினர் ஆவர். 'தியானம்' என்னும் நம் நாட்டுச் சொல்லே சீனத்திற் 'சான்' எனத் திரிந்து, ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. அந்நெறியைச் சீனத்திற்குக் கொண்டு சென்ற போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்பது சீனரின் மரபுரை.

சற்று அப்பால் சென்றால் மரத்தாலான பாலம் ஒன்றைக் காணலாம். அரைவட்டமாய் வளைந்து நிற்கும் அதனை 'முரசுப் பாலம்' என்பர். கண்காட்சிக்கென்று ஷின்ஷிச்சி நகதானி என்னும் தச்சர் இதனை அமைத்தார். பாலத்தின் நிழல் கீழே உள்ள நீரில் விழும்போது, மேலரையும் கீழரையும் கூடி முழுவட்டம் ஆகின்றது. இதன்மீது நடப்பது எளிதன்று. ஏணியில் ஏறுவது போலப் படிப்படியாய் ஏறி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குதல் வேண்டும். சிறுவர் சிரித்துக்கொண்டே ஏறினர். என் போன்ற முதியோர் கீழே நின்று நீரில் தோன்றும் வட்டத்தைக் கண்டு மகிழ்வதே நலம் எனக் கண்டேன்.

பாலத்திற்கு அணித்தே புத்தர் பெருமானின் வெண்கலத் திருவுருவம் அமர்ந்த கோலத்தில் விளங்குகின்றது. பத்தடிக்கு மேல் உயரமுள்ள அதனை 1790-ஆம் ஆண்டில் ஜப்பானில் வார்த்தனர். 1949-ஆம் ஆண்டில் அந்நகரத்து வணிகக் குடும்பம் ஒன்று அதனைச் சோலைக்கு வழங்கியது. வெயிலிலும் மழையிலும் கூரையின்றி வீற்றிருக்கும் பெருமான் என்னும் பொருள்பட அதற்குப் பெயர் வழங்குகின்றது. செந்நிறம் பூசிய ஐந்நிலைக் கோபுரம் ஒன்றும் அருகில் உளது. பனாமாக் கால்வாய் நிறைவேறியதைக் கொண்டாடும் பொருட்டு 1915-ஆம் ஆண்டில் அந்நகரில் நடந்த மற்றொரு கண்காட்சிக்கென எழுப்பப்பட்டுப் பின் இங்குக் கொணரப்பட்டது அது.

செடி கொடிகளைப் பேணும் முறையும் நாம் அறியத்தக்கது. பைன் மரங்களைத் தோட்டக்காரர் இலை இலையாக ஒழுங்கு செய்கின்றனர். இளவேனிலில் எழும் புதுத்தளிர்களைக் கையாற் கிள்ளிக் குறைப்பர். இலையுதிர் காலத்தில் பழைய ஊசியிலைகளைக் களைவர். இவ்வாறு ஆண்டுதோறும் செய்வதால், காற்றின் கடுமையைப் பல நூறாண்டு தாங்கிய மலைமரம்போல் அது முதிர்ந்து தோன்றும். இவ்வளவு உழைப்பும் வெளியே தெரியாதிருத்தல் வேண்டும் என்பதே அக்கலையின் குறிக்கோள். செய்தவன் கை தெரியாமல் செய்ததே சிறந்த செய்கை அன்றோ?

நான் சென்றபோது செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கின. இலை தோன்றுமுன் கிளை முழுதும் இளஞ்சிவப்பு மலர்கள். அவை சில நாள்களே நிற்கும். அப்பூக்கள் உதிர்வதையும் அழகென்றே காண்பவர் ஜப்பானியர். நிலையாமையை எண்ணி அவர்கள் வருந்தி அமர்வதில்லை. நிலையாதது என்பதனாலேயே அதனை உற்று நோக்குகின்றனர்.

குளக்கரையில் உள்ள தேநீர் மனையில் சென்று அமர்ந்தேன். பசுந்தேநீர் கொணர்ந்து வைத்தனர். ஜப்பானில் தேநீர் பருகுவதே ஒரு நெறியாக வளர்ந்துள்ளது. அந்நெறியைச் செம்மை செய்தவர் 1522 முதல் 1591 வரை வாழ்ந்த சென் நோ ரிக்கியூ என்னும் பெரியார். அவர் காலத்துத் தேநீர்க் குடிலின் வாயில் மிகச் சிறியது; தலை தாழ்த்தித் தவழ்ந்தே உட்புகுதல் வேண்டும். இடையில் வாள் செருகிய வீரனும் அதனை வெளியே வைத்துவிட்டே நுழைதல் வேண்டும். உள்ளே அரசனும் இல்லை, ஆண்டியும் இல்லை. விருந்தோம்புவானும் விருந்தினனுமே உளர். குடிலுக்குச் செல்லும் வழியில் உள்ள கல்தொட்டியும் தாழவே அமைந்திருக்கும். கை கழுவக் குனிகின்றவன், தன் செருக்கையும் அங்கே கழுவிவிடுகின்றான். தேநீருடன் மடித்த சிற்றப்பம் ஒன்றும் தந்தனர். அதனை உடைத்தால் உள்ளே நன்மொழி எழுதிய காகிதச் சுருள் இருக்கும். இதனை அந்நாட்டில் முதலிற் பரிமாறியவர் ஹகிவாராவே என்பர். அப்பெருமையைத் தமதெனக் கூறுவோர் பிறரும் உளர்.

இத்துணை இனிய சோலையின் வரலாற்றில் ஒரு துன்பப் பகுதியும் உண்டு. அதனைக் கூறாமல் விடுதல் முறையாகாது.

மகோட்டோ ஹகிவாரா 1925-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர்க்குப் பின் அவர் மகளும் பேரப்பிள்ளைகளும் சோலையைக் காத்து வந்தனர். 1941-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின; அமெரிக்கா போரில் இறங்கியது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆணையொன்றிற் கையொப்பமிட்டார். அதன் விளைவாக மேலைக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் தம் வீடும் நிலமும் விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். குற்றம் செய்தார் என்று அவர்கள்மீது வழக்கில்லை; விசாரணையும் இல்லை. பகைநாட்டாரின் முகச்சாயல் அவர்களிடம் இருந்தது, அதுவே குற்றமாயிற்று! சான் பிரான்சிஸ்கோ பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டோருட் பெரும்பாலோர் முதலில் குதிரைப் பந்தயத் திடலொன்றின் கொட்டில்களிற் குடிவைக்கப்பட்டனர். பின்னர் யூட்டா மாநிலத்தின் வறண்ட நிலத்து முகாமிற்கு அனுப்பப்பட்டனர்.

ஹகிவாரா குடும்பத்தாரும் வெளியேறினர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர்கள் வளர்த்த சோலை, ஒரே நாளில் அவர்களுக்கு அயலிடம் ஆயிற்று. அவர்களுடைய இல்லம் இடிக்கப்பட்டது. சோலையின் பெயரும் 'கீழ்த்திசைத் தேநீர்த் தோட்டம்' என மாற்றப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அவர்கள் அங்கு மீண்டு வாழ இடம் தரப்படவில்லை. அவ்வில்லம் இருந்த இடத்தில் இன்று தாழ்நிலத் தோட்டம் ஒன்று உளது. பூக்களைக் கண்டு வியந்து செல்வோருட் பலர், தாம் நிற்பது ஒரு குடும்பத்தின் அடுக்களையும் கூடமும் இருந்த இடம் என்பதை அறியார்.

வெளியேறும் வேளையில் அக்குடும்பத்தார் செய்த செயலொன்று நினைவுகூரத்தக்கது. தொட்டிகளில் பல்லாண்டு வளர்த்த குறுமரங்களை அவர்கள் கைவிட மனமின்றி, அறிமுகமான தோட்டக்கலைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துச் சென்றனர். நாள்தோறும் நீர் வார்த்துப் பேணாவிடில் பட்டுப்போகும் மரங்கள் அவை. அம்மரங்கள் கைம்மாறி, பின்னர் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தன; இறுதியில் அக்குடும்பத்தார் அவற்றைச் சோலைக்கே திரும்ப வழங்கினர். கோபுரத்தை அடுத்த சரிவில் அவை இன்று வேரூன்றி நிற்கின்றன. வளர்த்தவர் மீளவில்லை, வளர்ந்தவை மீண்டன!

காலம் செல்லச் செல்ல, செய்த தவற்றை உணர்ந்தோர் திருத்தம் செய்ய முற்பட்டனர். 1952-ஆம் ஆண்டில் 'ஜப்பானியத் தேநீர்த் தோட்டம்' என்னும் பழம்பெயர் மீண்டும் வழங்கலாயிற்று. 1953-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜப்பான் நாட்டிலிருந்து ஓர் அன்பளிப்பு வந்தது. 9,000 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 4,000 கிலோ எடையுள்ள வெண்கல விளக்கு அது. அதனை வாங்கி அனுப்பியவர் அரசரும் அமைச்சரும் அல்லர். உங்களைப் போன்ற பள்ளிச் சிறுவரே. போரில் வீடிழந்து வறுமையுற்றிருந்த நாட்டின் குழந்தைகள், தம்மிடமிருந்த சிறு காசுகளைத் திரட்டி, நேற்றுவரை பகைவராய் இருந்த நாட்டிற்கு 'அமைதி விளக்கு' அனுப்பினர். சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம்மவர் பழமொழி. பகையைத் தணிக்கும் வெள்ளமும் அவ்வாறே திரண்டது.

1974-ஆம் ஆண்டில் ஹகிவாரா குடும்பத்தாரின் தொண்டைக் கூறும் வெண்கலப் பட்டயம் ஒன்று சோலை வாயிலில் பதிக்கப்பட்டது. அதனை வடித்தவர் ரூத் அசாவா என்னும் சிற்பக்கலைச் செல்வி. இளமையில் அவரும் போர்க்கால முகாமில் அடைபட்டிருந்தவரே. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் ஒன்று இயற்றி, நடந்தது அநீதி என ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டியது. உயிருடன் இருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் ஈடாக வழங்கியது. இழந்த ஆண்டுகளைப் பொருளால் மீட்டல் இயலாது. எனினும், தவற்றைத் தவறென ஒப்புக்கொள்ளுதல் ஒரு நாட்டிற்கும் பெருமையே அன்றிச் சிறுமை அன்று.

வெளியே வரும்போது வாயிலருகில் அப்பட்டயத்தின் முன் சிறிது நேரம் நின்றேன். உள்ளே நுழைகையில் அதனைக் காணாமலே சென்றிருந்தேன்! மலரையும் நீரையும் காண விரைந்த கண்கள், அவற்றை ஆக்கியவர் பெயரைக் காண மறந்தன. மாணவர்களே, நாம் நிழலில் அமரும் ஒவ்வொரு மரத்தின் பின்னும் அதனை நட்டவர் ஒருவர் உளர். அவர் எம்மொழியினர், எந்நாட்டினர், எம்முகத்தினர் என்று ஆராய்ந்து மதித்தல் அறிவுடைமை ஆகாது. அவர் செய்கையைக் கொண்டே மதித்தல் வேண்டும். சினத்தாலும் அச்சத்தாலும் ஒரு நாட்டார் அறிவிழக்கும் நாளில், முதலில் வாடுபவர் குற்றமற்றவரே. அந்நாள் வாராமற் காப்பது, நாளைய குடிமக்களாகிய உங்கள் கடமை. கல்லும் நீரும் மரமும் கொண்டு ஹகிவாரா ஆக்கிய சோலை, காண்பார்க்கு அமைதியைத் தருகின்றது; அதன் வரலாறோ, அவ்வமைதியை எவ்வாறு காத்தல் வேண்டும் என்பதைக் கற்பிக்கின்றது.